வண்டி வைத்தியம்: பழைய கார் ஏன் அடிக்கடி கொதிக்கிறது?

பழைய கார் வாங்கும்போது எல்லோரும் பெயின்ட்டைப் பார்க்கிறார்கள், டயரைப் பார்க்கிறார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஏ.சி. குளிர்கிறதா என்று கையை நீட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் திருப்தி. பணம் கொடுத்து, ஆர்.சி.யில் பெயர் மாற்றி, பிள்ளையார் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாகிவிட்டது.

பிரச்னை பெரும்பாலும் முதல் நீண்ட பயணத்தில்தான் தலைகாட்டும். நடுவில் நிற்க வேண்டிய டெம்பரேச்சர் முள் மெல்ல மேலே ஏறும். சிறிது நேரத்தில் பானெட் இடுக்கிலிருந்து ஆவி வரும். மெக்கானிக் ஒருவர் ரேடியேட்டரை மாற்றச் சொல்வார். மாற்றிய பிறகும் கொதிக்கும். இன்னொருவர் வாட்டர் பம்ப் என்பார். அதற்குப் பிறகும் கொதிக்கும். மூன்றாமவர் 'ஹெட் கேஸ்கட் போயிருச்சு சார், எஞ்சினை இறக்கணும்' என்பார். வண்டி வாங்கிய விலையில் கணிசமான ஒரு பகுதி ரிப்பேருக்கே போய்விடும். நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

இதில் யாரும் ஏமாற்றுகிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எஞ்சின் சூடாவது ஒரு நோய் அல்ல, காய்ச்சல் மாதிரி ஓர் அறிகுறி. காய்ச்சலுக்குப் பத்து காரணங்கள் இருப்பதுபோல இதற்கும் இருக்கின்றன. காரணத்தைத் தேடாமல் பாகத்தை மாற்றுவது, ரத்தப் பரிசோதனை இல்லாமல் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுப்பது போலத்தான். அதிலும் பழைய கார் என்பது கேஸ் ஷீட் இல்லாமல் வந்து படுத்த நோயாளி. முன்பு என்ன நடந்தது, யார் என்ன வைத்தியம் செய்தார்கள் என்று சொல்ல ஆள் இல்லை. வண்டியிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எஞ்சினுக்குள் ஒரு குக்கர்

பெட்ரோலை எரித்து வரும் சக்தி முழுவதும் சக்கரத்துக்குப் போவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சைலன்ஸர் வழியாக வெளியேறுகிறது. இன்னொரு மூன்றில் ஒரு பங்கு எஞ்சினின் உலோகத்துக்குள் வெப்பமாக இறங்குகிறது. சிலிண்டருக்குள் எரியும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரியைத் தாண்டும். எஞ்சினின் ஹெட் செய்யப்பட்ட அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதைச் சுற்றி ஓடிக்கொண்டே இருக்கும் கூலன்ட்.

அந்த ஓட்டத்தின் பாதை எளிமையானது. வாட்டர் பம்ப் கூலன்ட்டைத் தள்ளுகிறது. அது எஞ்சினுக்குள் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. தெர்மோஸ்டாட் என்ற சிறிய வால்வு, பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள், திறந்து வழிவிடுகிறது. மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று போதும். நின்றால், பல கார்களில் 95 டிகிரியை ஒட்டி மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும்.

இதில் பலர் கண்டுகொள்ளாத பாகம் ஒன்று உண்டு. அது ரேடியேட்டர் மூடி. வெறும் மூடி அல்ல அது, குக்கர் வெயிட். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடும். ரேடியேட்டர் மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருப்பது அந்த அழுத்தத்தைத்தான். 0.9 பார் அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 119 டிகிரி வரை கொதிக்காது. பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் மேலே போகும்.

ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது மலையில் வாழ்கிறவர்களுக்குத் தெரியும். உயரம் ஏற ஏறக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடுகிறது. 300 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்து, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் இருக்கும் காரை அங்கே ஓட்டிப் போனால் என்ன ஆகும்? விசிறி சுற்றத் தொடங்கும் முன்பே தண்ணீர் கொதித்துவிடும். சமவெளியில் சமர்த்தாக ஓடிய வண்டி, மலையில் மானத்தை வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதல் கேள்வி: எப்போது சூடாகிறது?

நல்ல டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பதற்கு முன்பு, 'காய்ச்சல் காலையிலா, சாயங்காலமா?' என்று கேட்பார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான். இந்த ஒரு கேள்விக்குச் சரியான பதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சிக்னலிலும் டிராஃபிக்கிலும் சூடாகி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதா? அப்படியென்றால் குறை காற்றில். விசிறி சுற்றவில்லை, அல்லது மெதுவாகச் சுற்றுகிறது. ஃப்யூஸ், ரிலே, விசிறி மோட்டார், விசிறிக்கு உத்தரவு கொடுக்கும் சென்சார் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கார்களில் ஏ.சி. போட்டதும் விசிறி சுற்றத் தொடங்கும். ஏ.சி. போட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டாரையும் அதன் இணைப்பையும் சந்தேகிக்கலாம். ஏ.சி.க்குச் சுற்றி, சூட்டுக்குச் சுற்றவில்லை என்றால் சென்சார் பக்கம் போகலாம்.

டவுனில் ஒன்றுமில்லை, பைபாஸில் வேகமாகப் போகும்போதும் மலை ஏறும்போதும்தான் சூடாகிறதா? அங்கே எதிர்க்காற்று தாராளமாக இருக்கிறது, அல்லது விசிறி ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே குறை ஓட்டத்தில். ரேடியேட்டரின் குழாய்கள் உப்பும் துருவும் படிந்து அடைத்திருக்கலாம். தெர்மோஸ்டாட் பாதி மட்டும் திறக்கலாம். பம்ப்பின் இறக்கைகள் அரித்துப்போயிருக்கலாம். பழசாகித் தளர்ந்த கீழ் ஹோஸ், பம்ப் இழுக்கும் வேகத்தில் உறிஞ்சுகுழாய்போலச் சப்பையாகி வழியை அடைக்கலாம். வண்டி நிற்கும்போது அந்த ஹோஸ் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆக்ஸிலேட்டரை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பார்த்தால்தான் அதன் குட்டு வெளிப்படும்.

ஸ்டார்ட் செய்த ஐந்தாறு நிமிடத்திலேயே முள் மேலே போகிறதா? மூடியபடியே சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட், கூலன்ட் அளவு மிகக் குறைவு, உள்ளே மாட்டிக்கொண்ட காற்று, அல்லது ஹெட் கேஸ்கட். இந்த நான்கில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஏ.சி. போட்டால் மட்டும்தானா? ஏ.சி.யின் கண்டன்ஸர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. அது கக்கும் சூட்டையும் சேர்த்து ரேடியேட்டர் வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உள்ள விரல்கடை இடைவெளியில் பல வருடத்துத் தூசியும் பூச்சியும் காய்ந்த இலையும் அடைந்து மெத்தைபோலப் படிந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. முன்பக்கம் மட்டும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் சர்வீஸில் இது போகாது.

கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா என்பதுதான் கடைசிக் கேள்வி. குறையாமல் சூடானால் ஓட்டத்திலோ காற்றிலோ குறை. குறைந்துகொண்டே சூடானால், அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்வரை வேறு எந்தப் பாகத்தின் மீதும் கைவைக்கக் கூடாது.

காலையில் செய்ய வேண்டிய ஐந்து சோதனைகள்

இவற்றுக்குக் கருவிகள் தேவையில்லை. இரவு முழுதும் நின்று ஆறிய வண்டியில் மட்டும் செய்ய வேண்டும். சூடான எஞ்சினில் மூடியைத் திறந்தால், அழுத்தம் விலகிய கணத்தில் கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டாலும் பாதுகாப்பில்லை.

ஒன்று, அளவு. பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் பாட்டிலைப் பார்த்தால் மட்டும் போதாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். கழுத்துவரை நிறைந்திருக்க வேண்டும். பாட்டில் நிறைந்து, ரேடியேட்டர் குறைந்திருந்தால் அது முக்கியமான தடயம். சூட்டில் விரிந்து பாட்டிலுக்குப் போன கூலன்ட், ஆறியபோது திரும்பி வரவில்லை என்று அர்த்தம். மூடியிலோ, பாட்டிலுக்குப் போகும் சின்னக் குழாயிலோ குறை. (சில கார்களில் ரேடியேட்டரில் மூடி இருக்காது. அழுத்தம் தாங்கும் மூடி கூலன்ட் டேங்கிலேயே இருக்கும். அங்கே டேங்கின் அளவே கணக்கு.)

இரண்டு, நிறம். கூலன்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கலாம், தெளிவாக இருக்க வேண்டும். பழுப்பாக, டீத்தூள் தண்ணீர்போல இருந்தால் முந்தைய உரிமையாளர் குழாய்த் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தால் விஷயம் பெரியது.

மூன்று, மூடி. அடியில் உள்ள ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா, ஸ்பிரிங் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறதா, நடுவில் உள்ள சின்ன வால்வு இழுத்தால் வந்து, விட்டால் திரும்புகிறதா என்று பாருங்கள்.

நான்கு, ஹோஸ்கள். விரலால் அமுக்கினால் புதுச் சப்பாத்தி மாவுபோலக் கொழகொழவென்றும் இருக்கக் கூடாது. நெருநெருவென்று நொறுங்கவும் கூடாது. கிளிப் பக்கத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிவு. சூட்டில் வெளியே வந்த துளிகள் உடனே ஆவியாகிவிடுவதால் தரை நனையாது. தடம் மட்டும் மிஞ்சும்.

ஐந்து, டிப் ஸ்டிக். எஞ்சின் ஆயில் மோர்போல, பால் கலந்த காபிபோல இருந்தால் கூலன்ட்டும் ஆயிலும் உள்ளே கலக்கின்றன. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்மை படிந்திருந்தால் பயப்பட வேண்டாம். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டிகளில் உள்ளே வேர்க்கும் ஈரம் அப்படிப் படிவதுண்டு. டிப் ஸ்டிக்தான் முக்கியம்.

இவை முடிந்ததும் ஒரு சோதனை. மூடியைத் திறந்துவைத்தபடியே ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முதல் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் ரேடியேட்டர் வாயைச் சற்றுத் தள்ளி நின்று கவனிக்கலாம். ஆரம்பத்தில் ஒன்றிரண்டு குமிழிகள் வருவது இயல்பு. சோடா பாட்டில்போல விடாமல் வந்துகொண்டிருந்தால், சிலிண்டரில் எரியும் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது. இதைச் செய்யும்போது கை, சேலைத் தலைப்பு, துப்பட்டா எதுவும் பெல்ட்டுக்கும் விசிறிக்கும் அருகில் போகக் கூடாது. பல கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி திடீரென்று சுற்றும்.

முந்தைய உரிமையாளர் விட்டுப்போன தடயங்கள்

செகண்ட் ஹேண்ட் கார்களுக்கே உரிய பகுதி இது. சாலையோரத்தில் அவசரத்துக்குச் செய்த வைத்தியங்கள் நிரந்தரமாகிப்போய், புதிய உரிமையாளரின் தலையில் விடிகின்றன.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது அவற்றில் முதன்மையானது. 'நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?' என்ற நம்பிக்கை இன்னும் பல ஷெட்டுகளில் உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் தன் சரியான சூட்டுக்கு வரத் தாமதமாகும். எஞ்சின் இன்னும் குளிராக இருப்பதாக எண்ணி கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும், மைலேஜ் குறையும். சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே குறுக்குப்பாதையை அடைக்கவும் செய்யும். அது இல்லாதபோது கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றி வரும். குளிர்விக்கக் கழற்றியதே சூட்டுக்குக் காரணமாகிவிடும்.

இரண்டாவது, விசிறியை 'டைரக்ட்' செய்வது. சென்சார் போனால் மாற்றாமல், சாவி போட்டதும் சுற்றுவதுபோல ஒயரை நேரடியாக இழுத்துவிடுவார்கள். வேலை நடக்கும்தான். ஆனால் ஓயாமல் சுற்றி மோட்டார் சீக்கிரம் தேயும். தரமில்லாத ஒயர் இணைப்பு சூடாகி உருகும். ரேடியேட்டர் பக்கத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிய தனி ஒயர் ஓடினால் கேட்க வேண்டிய கேள்வி, 'சென்சாருக்கு என்ன ஆச்சு?'

மூன்றாவது, தண்ணீர். அம்பாசடர் காலத்துப் பழக்கம் இது. மலைப்பாதைகளில் வண்டியை ஓரங்கட்டி, கேனில் தண்ணீர் பிடித்து ஊற்றியது ஒரு தலைமுறையின் நினைவு. அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. பழக்கம் நிற்கவில்லை. போர் தண்ணீரில் உள்ள உப்பு, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிவதுபோல ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினுக்குள்ளும் ஏடாகப் படிகிறது. அந்த ஏடு வெப்பத்தை எளிதில் கடத்தாது. கூலன்ட்டில் உள்ள துருத் தடுப்பு மருந்தும் தண்ணீரில் கிடையாது. அவசரத்தில் தண்ணீர் ஊற்றுவது தப்பில்லை. ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரில் கலந்த கூலன்ட்டை நிரப்பாததுதான் தப்பு.

நான்காவது, கேஸ் கிட். எல்.பி.ஜி. கிட் பொருத்திய கார்களில், கேஸை ஆவியாக்கும் ரெட்யூஸருக்கு எஞ்சின் கூலன்ட்டிலிருந்துதான் சூடு போகிறது. அதற்காக ஹோஸில் போட்ட கூடுதல் இணைப்புகள் ஒவ்வொன்றும் ஒரு கசிவுக்கான இடம். ரெட்யூஸரின் மேல் பனி படிந்திருந்தால் அங்கே சூடான கூலன்ட் போய்ச் சேரவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

ரேடியேட்டர் ஓரத்தில் எம்-சீல் பூச்சு, ஹெட் ஓரத்தில் பிதுங்கி நிற்கும் புதிய கேஸ்கட் பேஸ்ட், பழைய எஞ்சினில் பளபளக்கும் புது போல்ட் ஆகியவையும் பழைய கதையைச் சொல்லும். இவை இருந்தாலே கெட்ட வண்டி என்று இல்லை. ஏற்கெனவே ஒருமுறை கொதித்த வண்டி, அவ்வளவுதான்.

ஒரு வண்டி, ஒரு துப்பறிதல்

இவற்றை எப்படிச் சேர்த்து யோசிப்பது? ஒரு காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். சேலத்தில் ஒரு குடும்பம் வாங்கிய பத்து வருடப் பழைய சின்ன பெட்ரோல் கார். டவுனுக்குள் ஒரு தொல்லையும் இல்லை. ஏற்காடு போனால் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டுவதற்குள் முள் ஏறுகிறது. புது ரேடியேட்டர் போட்டாயிற்று. புது வாட்டர் பம்ப் போட்டாயிற்று. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருக்கிறது. தரையில் ஒரு சொட்டு இல்லை. 'எஞ்சினை இறக்கணும்' என்ற பேச்சு வந்துவிட்டது.

டவுன் டிராஃபிக்கில் சூடாகவில்லை. ஆகவே விசிறி வேலை செய்கிறது. ரேடியேட்டரும் பம்ப்பும் புதுசு, அடைப்புக்கு வாய்ப்புக் குறைவு. கூலன்ட் குறைகிறது, தரையில் இல்லை. அப்படியானால் அது எஞ்சினுக்குள் எரிந்து சைலன்ஸர் வழியாகப் போக வேண்டும், அல்லது பாட்டில் நிரம்பி வழிந்து மண்ணில் காற்றில் போக வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்து பார்த்தால் விடாத குமிழி இல்லை. ஆயில் சுத்தம். புகையில் இனிப்பு வாடை இல்லை. ஆகவே ஹெட் கேஸ்கட் மீது சந்தேகம் குறைகிறது. பாட்டிலின் வெளிப்பக்கத்தில் வழிந்து காய்ந்த தடம் இருக்கிறது. மறுநாள் காலை ரேடியேட்டரைத் திறந்தால் கழுத்துக்குக் கீழே இரண்டு விரல்கடை குறைவு, பாட்டிலோ நிறைந்திருக்கிறது.

இப்போது மூடியைப் பார்க்க வேண்டும். புது ரேடியேட்டரில் பழைய மூடியையே மாட்டியிருக்கிறார்கள். ரப்பர் வெடித்திருக்கிறது. அழுத்தம் நிற்கவில்லை. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏறும் பாதையில், கொதிநிலை 95 டிகிரியை நோக்கி இறங்கிக்கொண்டே வர, எஞ்சின் முழுப் பாரத்தில் இழுத்துக்கொண்டிருக்க, உள்ளே கொதித்துப் பாட்டிலுக்குத் தள்ளுகிறது. சில நூறு ரூபாய் மூடிக்காகப் பல ஆயிரம் ரூபாய்ப் பாகங்கள் மாறியிருக்கின்றன.

எல்லா வண்டியிலும் மூடிதான் காரணம் என்று இதற்கு அர்த்தமில்லை. மலிவான சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொண்டு விலையுயர்ந்த சந்தேகத்துக்குப் போக வேண்டும். மூடி, கிளிப், ஃப்யூஸ், ரிலே, இடைவெளியைச் சுத்தம் செய்வது. பிறகு தெர்மோஸ்டாட், ஹோஸ், சென்சார். பிறகு விசிறி மோட்டார், ரேடியேட்டர், பம்ப். ஹெட் கடைசியில்.

ஹெட் கேஸ்கட் என்று சொன்னால்?

ஊகத்தில் எஞ்சினைத் திறக்க அனுமதிக்காதீர்கள். முன்பே செய்யக்கூடிய சோதனைகள் மூன்று இருக்கின்றன. ரேடியேட்டர் வாயில் கை பம்ப்பை மாட்டி அழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. ரேடியேட்டரிலிருந்து வரும் வாயுவை நீல நிற ரசாயனத்தின் வழியே விட்டு, அது மஞ்சளாக மாறுகிறதா என்று பார்ப்பது இன்னொன்று. மாறினால் எரிவாயுப் புகை கலந்திருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரெஷனையும் அளந்து ஒப்பிடுவது மூன்றாவது.

இவை உறுதிப்படுத்தினால் செலவைத் தள்ளிப்போடக் கூடாது. அலுமினியம் சூட்டில், வார்ப்பிரும்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கடுமையாகக் கொதித்த ஹெட் வளைந்துவிடும். பல எஞ்சின்களில் 0.05 மில்லிமீட்டர் வளைவுதான் எல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவு அது. ஆகவே ஹெட்டைக் கழற்றினால், லேத்தில் கொடுத்துச் சமதளம் பார்த்து, தேவையானால் ஃபேஸிங் செய்த பிறகே புது கேஸ்கட் போட வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடினால் அது மறுபடியும் போகும். ஹெட்டைக் கொதிக்கவைத்த மூல காரணம் எது என்று தெரியாமல் மூடினாலும் போகும்.

எந்த ரிப்பேருக்கும் மெக்கானிக்கிடம் மரியாதையாகக் கேட்கலாம்: 'எதை வைத்து இதுதான் என்று சொல்றீங்க அண்ணே?' நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார், கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டுவார். ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும் மாற்றச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். கூலன்ட்டை வடித்து நிரப்பிய பிறகு உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றினார்களா என்றும் கேளுங்கள். எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஆம்னி போன்ற வண்டிகளில், நீண்ட குழாய்களில் காற்று மாட்டிக்கொண்டால் எல்லாம் புதுசாக இருந்தும் கொதிக்கும்.

வழியில் முள் ஏறினால்

முதலில் ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். உள்ளே வெந்துபோகும், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டை வாங்கி உள்ளே விடும். பாதுகாப்பான இடம்வரை போய் ஓரங்கட்ட அது உதவும். ஆவி வந்தாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ கிடைத்த முதல் இடத்தில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். 'இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே' என்ற எண்ணம்தான் பல எஞ்சின்களைச் சீஸ் ஆக்கியிருக்கிறது. பல கார்களில் முள் ஒரு பெரிய இடைவெளிக்கு நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகரத் தொடங்கியது என்றாலே தாமதமாகத்தான் சொல்கிறது. முள்ளே இல்லாமல் சிவப்பு விளக்கு மட்டும் உள்ள சின்னக் கார்களில் இன்னும் தாமதம்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் சாலைக்கு எதிர்ப்பக்கமாக இறக்கி நிழலில் உட்கார வையுங்கள். குறைந்தது முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. கொதிக்கும் எஞ்சினின் மேல் பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது; உலோகம் விரிசல் விடலாம். ஆறிய பிறகு மெதுவாக நிரப்பி, அருகில் உள்ள ஷெட்வரை மட்டும் ஓட்டலாம். குறைந்த அளவு ஒரு லிட்டருக்கு மேல் என்றால் இழுத்துப்போவதே நல்லது. டோ வண்டிச் செலவு எஞ்சின் செலவைவிடக் குறைவு.

கூலன்ட் டப்பாவை வீட்டில் வைக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். அதில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆனால் விஷம். பிள்ளைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாத இடத்தில் இருக்கட்டும். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள்.

வாங்கும் முன்பு இருபது நிமிடம்

இனிமேல்தான் வாங்கப் போகிறவர்களுக்கு வழி சுலபம். 'வண்டியை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க, ஆறின எஞ்சினோட பார்க்கணும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் காத்திருங்கள். மூடியைத் திறந்து நிறம் பாருங்கள், டிப் ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, ஏ.சி. போட்டு, மதிய வெயிலில் 20 நிமிடம் நிற்கவிடுங்கள். விசிறி சுற்றி நின்று, மறுபடி சுற்றுகிறதா, முள் நடுவிலேயே நிற்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து பைபாஸில் ஒரு ஓட்டம். முடிந்தால் ஒரு மேம்பாலம், ஒரு ஏற்றம். 2010-களின் நடுவிலிருந்து வந்த கார்கள் பெரும்பாலானவற்றில், ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஒரு சின்ன ஸ்கேனரைச் செருகினால் கூலன்ட்டின் சூடு எத்தனை டிகிரி என்று போனிலேயே தெரியும்.

விற்பவர் இந்த இருபது நிமிடத்துக்குத் தயங்கினால், அந்தத் தயக்கமே பதில். சந்தோஷமாகச் சம்மதித்தால், வண்டியின் பாதி ஜாதகம் கைக்கு வந்துவிட்டது. மீதிப் பாதியை மூடியின் ரப்பரும் ரேடியேட்டர் தண்ணீரின் நிறமும் சொல்லிவிடும்.

(அடுத்த வாரம்: இரவு நன்றாக நின்ற வண்டி, காலையில் ஏன் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது?)